அமிர்தசரஸ் சேவாதார்களுக்கு நன்றி

பொற்கோவில் எனப்படும் ஹர்மந்திர் சாகிபில் தொண்டாற்றும் சேவாதார்களுக்கும், என் கேள்விகளுக்குப் பொறுமையோடு விடை சொன்ன பெரியவர்களுக்கும் பணிவான வணக்கம்.

சீக்கிய நெறியின் முதன்மைச் சொற்களுக்குத் தமிழில் விளக்கம் எழுதும் பணி நிறைவடைந்துவிட்டது. நூல்களை மட்டும் நம்பி எழுதிய முதல் படியை, உங்களோடு தங்கியிருந்த ஒன்பது நாள்களில் பாதிக்கு மேல் அடித்துத் திருத்தினேன். அந்தத் திருத்தங்களுக்காகவே இம்மடல்.

'ஹுக்கம்' என்பதற்கு 'விதி' என்று பொருள் எழுதியிருந்தேன். திருக்குளத்தின் கரையில் அதைக் கேட்ட ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தலையெழுத்து என்று சோர்ந்து உட்கார அந்தச் சொல் இடம் தராது என்றார். அது இறைவனின் ஆணை. அதற்கு இசைந்து நடக்க வேண்டியவன் மனிதன். நடக்கவிடாமல் தடுப்பது 'ஹௌமை' எனப்படும் தன்முனைப்பு. பிறகு அவர் சீக்கியத் திருமறையின் தொடக்க வரிகளான மூல மந்திரத்தை ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, 'இக் ஓங்கார்' என்று ஒருவனாகப் போற்றப்படும் இறைவன் அச்சமற்றவன், பகையற்றவன், காலத்தைக் கடந்தவன், பிறவாதவன், தானே தோன்றியவன், குருவின் அருளால் அறியப்படுபவன் என்று விளக்கிய அந்த மாலைப்பொழுதுக்கு நான் என்றும் கடன்பட்டவன்.

சீக்கியத் திருமறையான குரு கிரந்த சாகிபுக்கு 1,430 பக்கங்கள் என்று எழுதியிருந்ததைக் கண்ட, அதை ஓதும் பணியிலிருக்கும் கிரந்தி ஒருவர், 'அங்' என்று மாற்றும்படி கேட்டுக்கொண்டார். குரு அர்ஜன் தொகுத்து 1604 இல் இங்கே எழுந்தருளச் செய்த அதன் முதல் வடிவமான ஆதி கிரந்தம், பின்னர் குரு தேக் பகதூரின் பாடல்களும் சேர்ந்து, 1708 இல் குரு கோவிந்த் சிங்கால் நிலையான குருவாக அறிவிக்கப்பட்டது. உயிருள்ள குருவுக்கு ஏது பக்கம்? அங்கம்தானே உண்டு! நம் மொழியிலும் அதே சொல் இருக்க, நான் 'பக்கம்' என்று எழுதியதற்கு வருந்தினேன். அன்றிரவு பல்லக்கில் குருவாகிய அத்திருமறை, அதே வளாகத்திலுள்ள அகால் தக்த் என்னும் பீடத்துக்கு எழுந்தருளியபோது, தோள்கொடுக்க அடியார்கள் முந்தியதைக் கண்டபின், அந்தத் திருத்தத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

1699 வைசாகித் திருநாளன்று ஆனந்த்பூரில் தோன்றிய, தீட்சை பெற்ற சீக்கியர்களின் சமூகமான கால்சாவின் ஐந்து அடையாளங்களான கேஷ் (வெட்டாத முடி), கங்கா (சீப்பு), கடா (இரும்பு வளையம்), கச்சேரா (அரைக்கால் உள்ளாடை), கிர்பான் (குறுவாள்) ஆகியவற்றை எடுத்துரைத்த கல்லூரி மாணவிக்கும் என் நன்றி.

நாம் ஜப்னா, கிரத் கர்னி, வண்ட் சக்னா ஆகிய மூன்றும் குரு நானக்கின் போதனையின் தூண்கள். இறைவனின் பெயரை நினைத்திருத்தல், நேர்மையாய் உழைத்தல், பகிர்ந்துண்ணல் என்று எளிதில் எழுதிவிட்டேன். மூன்றாவதன் பொருளை உண்மையில் எனக்கு உணர்த்தியது, எல்லோருக்கும் இலவசமாக உணவிடும் லங்கர்தான். 'பங்கத்' எனப்படும் பந்தியில் தரையில் அமர்ந்து ஒற்றைக் கையை நீட்டிய என்னிடம், பரிமாறிய சிறுவன் தன் இரு கைகளையும் ஏந்திக் காட்டினான். நானும் அவ்வாறே ஏந்திய பின்புதான் சூடான ரொட்டியை இட்டான். என் இடப்பக்கம் சுமைதூக்கும் தொழிலாளி ஒருவரும், வலப்பக்கம் மருத்துவர் ஒருவரும் அதே போல் கையேந்தியிருந்தார்கள். பூண்டு உரிக்க என்னையும் சேர்த்துக்கொண்ட சமையற்கூடத்துப் பெண்களுக்கு என் தனி நன்றி.

செருப்புக் காப்பிடத்தில் பணியாற்றிய நரைதாடிப் பெரியவருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் என் செருப்பைத் தூசி துடைத்தே திருப்பிக் கொடுத்தீர்கள். நன்றி சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் 'வாகேகுரு' என்று இறைவனின் பெயரைச் சொல்லிக் கைகூப்பிவிட்டு, அடுத்தவரின் செருப்பை வாங்கத் திரும்பினீர்கள். அன்று சொல்ல இயலாத நன்றியை இங்கே எழுதுகிறேன், ஐயா.