கட்டுவதற்கு முன் தெருவில் நின்று பார்த்த படத்தைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் புதிதாக ஒரு வானுயர் கட்டடம் வரப்போகிறது என்றால் பத்திரிகைகளில் வெளியாகும் படம் எப்போதும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது. கடலுக்கு மேலே ட்ரோன் நின்று எடுத்தது போன்ற காட்சி, அந்திச் சூரியன், பளபளக்கும் கண்ணாடி, கீழே குப்பையே இல்லாத பச்சைப் புல். கட்டுகிற நிறுவனம் கொடுக்கும் படம் அது. அந்த இடத்திலிருந்து கொழும்பைப் பார்க்கிறவர் யார்? துறைமுகத்துக்கு வரும் மாலுமிகள் வேண்டுமானால் கொஞ்சம் பார்க்கலாம். கொட்டாஞ்சேனையிலோ கொம்பனித்தெருவிலோ இருப்பவர்கள் வாசலில் நின்று நிமிர்ந்தால் என்ன தெரியும் என்று காட்டும் ஒரு படத்தை நான் இதுவரை கண்டதில்லை.

உயரமான கட்டடங்களோடு எனக்குப் பகை எதுவும் இல்லை. 1997இல் திறந்த உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் 152 மீற்றர். அதையே நீண்ட காலம் அண்ணாந்து பார்த்தோம். பேர வாவிக் கரையில் இப்போது 240 மீற்றர் உயரத்தில் நிற்கும் அல்டெயார் கட்டடத்தை, ஒரு கோபுரம் இன்னொன்றின் மேல் சாய்ந்தபடி நிற்கும் அதன் தோற்றத்துக்காகவே எனக்குப் பிடிக்கும். 2022இல் பொதுமக்களுக்குத் திறந்த தாமரைக் கோபுரம் சுமார் 350 மீற்றர். சரி, அதுவும் பழகிவிட்டது. ஆனால் சில வருடங்களுக்கு முன் இதே கொழும்புக்கு 117 மாடியில் 625 மீற்றர் கோபுரம் ஒன்றும் திட்டமிடப்பட்டது. தாமரைக் கோபுரத்தின் தலைக்கு மேல் இன்னொரு தாமரைக் கோபுரத்தின் முக்கால்வாசியை ஏற்றினாலும் அந்த உயரம் வராது. அது எழும்பவில்லை. ஆனாலும் கடலை நிரப்பி உருவாக்கிய துறைமுக நகரத்தில் 269 ஹெக்டேயர் நிலம் இருக்கும்போது அடுத்த அறிவிப்பு வர அதிக காலம் ஆகாது.

கட்டடங்கள் பார்வையை மறைப்பதால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு நாட்டு உதாரணம் தேவையில்லை. கோட்டையில் சதாம் வீதிச் சந்தியில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம் போதும். 1857இல் கட்டி முடித்த அதை வரைந்து கொடுத்தவர் அன்றைய ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி எமிலி எலிசபெத் வார்ட். பத்து வருடம் கழித்து அதன் உச்சியில் விளக்கு ஏற்றி வெளிச்சவீடாகவும் ஆக்கினார்கள். உயரம் 29 மீற்றர்தான், ஆனாலும் கடலில் இருந்தவர்களுக்கு அது போதுமாக இருந்தது. பிறகு சுற்றிலும் ஒவ்வொன்றாகக் கட்டடங்கள் எழும்பின. யாரும் விளக்கை மறைக்கத் திட்டம் போடவில்லை. அவரவர் தன் காணியில் கட்டினார், அவ்வளவுதான். கடைசியில் வெளிச்சம் கடலுக்குத் தெரியாமல் போய், 1952இல் விளக்கை அணைத்துவிட்டு கோட்டையின் கடலோரத்தில் புதிய வெளிச்சவீடு கட்ட வேண்டியதாயிற்று. கப்பல்காரர்கள் புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலைப் பார்த்துத் துறைமுகத்தை அடையாளம் கண்ட காலமும் உண்டு. இன்று அந்தப் பள்ளிவாசலைக் காண இரண்டாம் குறுக்குத் தெருவுக்குள் நுழைய வேண்டும்.

இனி நிழல் விஷயம். நம் ஊரில் ஏப்ரல் முதல் பாதியில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது, வளிமண்டலவியல் திணைக்களம் வருடா வருடம் அறிவிக்கிறது. அந்த நாட்களில் நண்பகலில் எவ்வளவு பெரிய கோபுரத்தின் நிழலும் அதன் காலடியில்தான் கிடக்கும். திட்டக்காரர்கள் நண்பகல் கணக்கைக் காட்டினால் ஏமாந்துவிடக் கூடாது. மார்ச் கடைசியில் பின்னேரம் ஐந்து மணிக்குப் பாருங்கள், நிழல் கட்டடத்தின் உயரத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நீளும். 240 மீற்றர் கட்டடம் என்றால் 700 மீற்றர் வரை. காலிமுகத்திடல் பக்கம் எழும்பும் கட்டடங்களின் பின்னேர நிழல் கிழக்கே கொம்பனித்தெருவின் மேல்தான் விழும். ஒல்லியான ஒற்றைக் கோபுரம் என்றால் நிழல் சீக்கிரம் நகர்ந்துவிடும், அதை ஒத்துக்கொள்கிறேன். சீப்பின் பற்கள் போல வரிசையாக நின்றால் ஒரு நிழல் விலக அடுத்தது வந்துவிடும். வெயில் ஊரில் நிழல் நல்லதுதானே என்று சிலர் சிரிக்கக்கூடும். மழைக்காலத்தில் துணி காயவைக்க ஒரு பல்கனி மட்டுமே உள்ளவர்களிடம் கேட்டுப் பார்க்கட்டும். வரிசையாக நிற்கும் கட்டடங்கள் கடற்காற்றையும் இதே போலத்தான் மறிக்கும்.

மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீற்றருக்குள் 9 மீற்றருக்கு மேல் கட்டக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். அந்த அளவு கொழும்புக்குச் சரிவராது. ஆனால் எந்த இடத்திலிருந்து எதைப் பார்க்க முடிய வேண்டும் என்று ஒரு ஊர் தீர்மானிக்கலாம் என்பது அதில் இருக்கிறது. காலிமுகத்திடலின் 1859ஆம் ஆண்டுக் கல்லிலும், கொழும்பின் பெண்கள், சிறுவர்களின் நன்மைக்காக இந்த நடைபாதையைப் பேணும்படி பின்னால் வரும் ஆளுநர்களிடம் அதே ஹென்றி வார்ட் கேட்டிருக்கிறார். விதி இல்லாமல் வேண்டுகோள் மட்டும் இருந்ததால் என்ன ஆயிற்று என்பதை அந்த இடத்தைச் சுற்றிப் பார்த்தால் புரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாதியில் நின்ற கட்டடமும் வானத்தை அடைக்கத்தான் செய்கிறது. கொள்ளுப்பிட்டியில் பல வருடங்களாக முடியாமல் நிற்கும் உயர்ந்த கட்டடம் ஒன்றை எல்லாரும் அறிவோம். அழகான படத்தைப் பார்த்து அனுமதி கொடுத்தார்கள், பார்க்கக் கிடைத்ததோ வெறும் கொங்கிறீட். அனுமதி கேட்கும்போதே முடிப்பதற்கான பணத்துக்கு வங்கி உத்தரவாதம் வாங்கினால் என்ன?

நகர அபிவிருத்தி அதிகாரசபையிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. இத்தனை மீற்றருக்கு மேல் என்று ஒரு எல்லை வைத்து, அதைத் தாண்டும் எந்தத் திட்டத்துக்கும் ஆள் உயரத்தில் நின்று பார்க்கும் படங்களைக் கட்டாயமாக்க வேண்டும். காலிமுகத்திடல் நடைபாதை, செட்டியார் தெருக் கோயில் வாசல், ஆமர் வீதிச் சந்தி, கங்காராமைப் பக்க வாவிக் கரை, அத்தோடு கட்டடத்துக்கு மிக அருகில் உள்ள குடியிருப்பு. காலை எட்டு மணி, பின்னேரம் ஐந்து மணி நிழல் வரைபடங்களும் சேர வேண்டும். அவற்றை ஆங்கிலத்தில் மட்டும் இணையத்தளத்தில் ஏற்றிவிட்டு மக்களுக்கு அறிவித்தாயிற்று என்று சொல்லக் கூடாது. மாநகர சபையிலும் அந்தப் பகுதிப் பிரதேச செயலகத்திலும் மூன்று மொழியிலும் ஒட்டி, ஆட்சேபம் எழுதிக் கொடுக்க ஒரு மாதமாவது தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13