தண்ணீர் கேன் தம்பிக்கு

தம்பி, உன் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை காலை, திருவொற்றியூர் தேரடி தாண்டி, கன்டெய்னர் லாரிக்கு வழிவிட ஓரம் ஒதுங்கி மணலில் சறுக்கி விழுந்தவன் நான்தான். ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது. ஆனால் அரைக்கைச் சட்டை. முழங்கையிலும் உள்ளங்கையிலும் தோல் வழண்டு, தீப்பட்ட மாதிரி எரிந்தது.

கூட்டத்தில் ஒருவர் காபித்தூள் வைக்கச் சொன்னார், இன்னொருவர் மஞ்சள் என்றார். (நம்மூரில் வைத்தியருக்கா பஞ்சம்?) நீ எதுவும் பேசவில்லை. வண்டியிலிருந்து ஒரு 20 லிட்டர் கேனை இறக்கி, சீலை உடைத்து, காயத்தின் மேல் மெதுவாக ஊற்றிக்கொண்டே இருந்தாய். விற்க வைத்திருந்த தண்ணீர்! போதும் என்று நான் கத்தியபோது உன் முழங்கையைத் திருப்பிக் காட்டினாய். தோலுக்கடியில் பச்சை குத்தியதுபோல் கருநீலப் புள்ளிகள்.

"சரியா கழுவாம விட்டுட்டேண்ணே, மண்ணு உள்ளயே தங்கிடுச்சு."

அப்புறம் ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டு, "டிடி ஊசி போட்டுக்கோங்க" என்றாய்.

டாக்டர் காயத்தில் மண் அதிகமில்லை என்றார். காற்றாட விடாமல், களிம்பு தடவி மூடியே வைக்கச் சொன்னார். பொருக்குத் தட்டாமல் ஈரப்பதத்தோடு இருந்தால்தான் சீக்கிரம் ஆறுமாம். விழும்போது கை தானாகவே முன்னால் நீண்டுவிடுகிறது, அதனால் முதல் வேலையாகக் கையுறை வாங்கிவிட்டேன். முழுக்கை ஜாக்கெட்டும்தான், வெயிலில் வேகிறது, பரவாயில்லை.

கேன் காசு பாக்கி இருக்கிறது தம்பி. இரண்டு நாளாகத் தேரடியில் நின்று பார்த்தேன், நீ வரவில்லை.