பதியனும் செடிதான்: ஆய்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தரச்சான்று ஆய்வுக் குழுவினருக்கு,

தென் பிரான்சில் ரூசியோன் பகுதியின் அக்லி பள்ளத்தாக்கிலுள்ள ஒயின் திராட்சைத் தோட்டங்களைப் பற்றிய உங்கள் அறிக்கை கிடைத்தது. காய்ந்த கொடிகளும் காணாமல் போன கொடிகளும் 20 விழுக்காட்டைத் தாண்டிவிட்டனவாம். ஒட்டுச்செடி நட்டு இடைவெளியை நிரப்ப வேண்டுமாம். விதி எங்களுக்கும் தெரியும். பதியன் போட்ட, அதாவது பக்கத்துக் கொடியின் கம்பையே மண்ணில் புதைத்து வேர்விடச் செய்த, இடங்களையெல்லாம் ‘வெற்றிடம்’ என்று எழுதியிருப்பதுதான் பிரச்சினை. அவற்றைச் செடிகளாக எண்ணுங்கள். கேட்பது இது ஒன்றே.

தகட்டுப்பாறைச் சரிவில் ஒட்டுச்செடி நட்டால் என்ன ஆகும்? புதுச்செடியின் வேர் ஒரு சாண். இரு பக்கமும் எழுபது வயதுக் கரிஞான் வகைத் திராட்சைக் கொடிகள், இருக்கிற ஈரத்தை முதலில் உறிஞ்சிவிடும். 2022இல் தொடங்கிய வறட்சியில் அந்த ஈரமும் இல்லாமல் போயிற்று. டிராக்டர் ஏறாத படிகளில் முதல் இரண்டு மூன்று கோடைகளுக்குத் தண்ணீரைத் தோளில்தான் சுமக்க வேண்டும். அப்படியும் பாதி காய்ந்துவிட்டால் அடுத்த ஆய்வில் அதுவும் வெற்றிடம்.

பதியனுக்கு இந்தத் தொல்லை இல்லை. பக்கத்துக் கொடியில் ஒரு நீளக் கம்பைக் கவாத்து செய்யாமல் விடுவோம். குளிர்காலத்தில் முழங்கை ஆழத்துக்குப் பள்ளம் பறித்து, கம்பை வளைத்துப் புதைத்து, நுனியில் இரண்டு கண் மட்டும் வெளியே தெரியும்படி குச்சியில் கட்டுவோம். தாய்க்கும் பள்ளத்துக்கும் இடையிலுள்ள கண்களைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் சத்து அங்கேயே நின்றுபோகும். தாயிடமிருந்து கம்பை வெட்டவும் கூடாது. தாய் நிற்பது வேர்ப்பேனைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியின் மேல். கம்பு விடும் வேரோ ஐரோப்பியக் கொடியின் சொந்த வேர், மண்ணிலிருக்கும் பிலாக்ஸெரா பேனுக்கு நல்ல தீனி. இணைப்பு இருக்கும்வரை பேன் கடித்தாலும் தாய் ஊட்டும்.

உங்கள் ஆய்வாளர் பார்த்தது அந்த இரண்டு கண்ணைத்தான். முழங்கால் உயரம்கூட இல்லை, அடிமரம் இல்லை. ஆகவே செடியும் இல்லை. அதுவும் வந்தது மார்ச்சில். கரிஞான் தாமதமாகத் துளிர்க்கும் வகை என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்லவேண்டிய நிலை வந்திருக்கிறதே!

ஒயினிலும் இது தெரியும். வறண்டு வாடிய இளஞ்செடியின் பழத்தில் ஈஸ்ட்டுக்குத் தீனியான நைட்ரஜன் குறைவு. ஈஸ்ட்டும் கந்தகமும் சேர்க்காமல் நொதிக்க விடுபவர்களுக்கு அது கத்திமேல் நடப்பது: காட்டு ஈஸ்ட் பாதியில் சோர்ந்து நிற்கும், மிச்சச் சர்க்கரையில் பாக்டீரியா புகும், தொட்டி காடியாகிவிடும். ஆழ வேரோடிய கிழக்கொடியின் சாறு பெரும்பாலும் தானாகவே நொதித்து முடியும்.

கொடியைப் பிடுங்கி எறிபவருக்கு ஹெக்டேருக்கு 4,000 யூரோ என்று 2024இல் அரசு திட்டம் போட்டது. வைத்துக் காப்பாற்றுபவருக்கு உங்கள் அறிக்கை. கணக்குப் பார்த்தால் கோடாலிதான் லாபம். நல்ல கொள்கை! அந்தத் திட்டம் உங்கள் கையில் இல்லை என்பது தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கையில் இருப்பதைத்தான் கேட்கிறோம். தாயோடு இணைந்து துளிர்த்திருக்கும் பதியனை உயிர்ச்செடியாக எண்ணுங்கள். மறு ஆய்வை மே மாதத்தில் வையுங்கள். சந்தேகமான இடத்தில் மண்ணை விலக்கி வேரைக் காட்டுகிறோம். கம்பை மட்டும் மிதித்துவிடாமல் வரும்படி ஆய்வாளரிடம் தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அக்லி பள்ளத்தாக்கின் பழந்தோட்டக்காரர்கள்