ஸ்லாலம் தரவரிசை: பிரிவையும் குறிப்பிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்கேட்போர்டு ஸ்லாலம் (வரிசையாக வைத்த கூம்புகளைச் சாய்க்காமல் சக்கரப் பலகையில் வளைந்து வளைந்து விரையும் பந்தயம்) பற்றிய செய்திகளில் 'முதலிடம்' என்று மட்டும் அச்சிடுவதால், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் காகிதக் கோப்பைகளை வரிசையாகக் கவிழ்த்துவைத்துப் பழகும் எங்கள் தெருப் பிள்ளைகள் குழம்புகிறார்கள். சர்வதேச ஸ்லாலம் ஸ்கேட்போர்டிங் சங்கம் அமெச்சூர், தொழில்முறை, மகளிர், இளையோர் எனத் தனித்தனியே தரவரிசை தருவதால், எந்தப் பிரிவில் முதலிடம் என்று சொல்லாவிட்டால் அச்செய்தி பாதிதான். தொழில்முறை என்றதும் அதையே நம்பிப் பிழைப்பவர்கள் என்று எண்ண வேண்டியதில்லை (பரிசுத்தொகை பெரும்பாலும் பயணச் செலவுக்கே காணாது); அது திறனின் படிநிலை. நெருக்கமான கூம்புகளிடையே இடுப்பை ஒடித்து வளைவதும், இறக்கத்தில் அகன்ற இடைவெளிகளைத் தாண்டி விரைவதும் வேறு வேறு போட்டி வகைகள், வேறு வேறு வித்தைகள் என்பதோடு, சாய்த்த கூம்பு ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் 0.1 வினாடி ஓட்ட நேரத்தோடு கூட்டப்படுவதால், வேகமாக வந்தவரே பின்தங்கவும் கூடும். 2020 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்ட்ரீட் (படிக்கட்டு, கைப்பிடி போன்ற தெரு அமைப்புகளில் ஆடுவது), பார்க் (கிண்ணம் போன்ற குழிவான தளத்தில் ஆடுவது) ஆகிய ஸ்கேட்போர்டு போட்டி வகைகள் மட்டுமே இடம்பெற்றன, ஸ்லாலம் இல்லை. ஆகவே ஒலிம்பிக் பட்டியலோடு ஸ்லாலம் தரவரிசையைக் கலக்காமல், வீரரின் பெயரோடு பிரிவையும் போட்டி வகையையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை