அப்பாவின் கண் பற்றி

அன்புள்ள சாந்திக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் பதில் எழுத முடியவில்லை. உன் அப்பாவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் கண் பார்க்கும் டாக்டர் பக்கத்தில் உண்டா என்று கேட்டிருந்தாய். நாங்கள் பட்டதையே எழுதுகிறேன்.

புளி உடைக்கும்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அம்மா உரித்துப் போட்ட புளியில் பாதிக் கொட்டை அப்படியே கிடந்தது. கேட்டால், வெளிச்சம் போதவில்லை என்றாள். நாங்கள் உட்கார்ந்திருந்ததோ வாசல் வெயிலில். உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021இல் தொடங்கினார்களே, மக்களைத் தேடி மருத்துவம், அதில் அவளுக்குச் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரை வருகிற நிம்மதியில் கண்ணை மறந்துவிட்டோம் சாந்தி.

முதலில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டப் பலகை வாசலிலேயே இருந்தது. அரை நாள் உட்கார வைத்துவிட்டு, "எலும்புக்குத்தான் இங்கே அட்டை, கண்ணுக்கு இல்லை" என்றார்கள். அம்மா அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு ஒன்றும் பேசாமல் எழுந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எந்தெந்தப் பிரிவுக்கு அனுமதி என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறுமாம். ஆகவே 'அட்டை எடுப்பீர்களா' என்று மட்டும் கேட்காதே. 'கண்ணுக்கு, இன்ன சிகிச்சைக்கு எடுப்பீர்களா' என்று கேள். கிளம்பும் முன் காப்பீட்டுத் திட்டத்தின் உதவி எண் 1800 425 3993க்குப் பேசிவிடு, கட்டணம் கிடையாது.

பிறகு தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்கள். சர்க்கரையால் விழித்திரையில் ரத்தக்கசிவு. இத்தனைக்கும் அவளுக்கு ஒரு நாள்கூட வலித்ததில்லை. அவர்கள் எழுதிக் கொடுத்தபடி சேலத்தில் லேசர் வைத்தோம், அட்டையிலேயே. போன பார்வை முழுதாகத் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர்.

அப்பாவுக்கு வெறும் கண்புரை என்றால் அட்டைக்காக அலையவே வேண்டாம். அரசு மருத்துவமனையில் லென்ஸும் வைத்து இலவசமாகச் செய்கிறார்கள். கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனைக்கே முதலில் கூட்டிப் போ. அவருக்கும் சர்க்கரை உண்டல்லவா, விழித்திரையையும் பார்க்கச் சொல். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் மங்கலாகவே இருக்கும், தனியாக பஸ் ஏற்றி அனுப்பிவிடாதே.

என்றைக்குப் போகிறாய் என்று எழுது. காவேரிப்பட்டணத்துக்கு முதல் நாளே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
மல்லிகா
பாலக்கோடு