வீட்டைத் திறந்து வைக்கலாமா?

வென்ட்வொர்த்வில், சிட்னி

அன்புள்ள சேகர்,

நியூ ஜெர்சியில் எடிசன் ஊரில் இருக்கிற வீட்டை விற்றுவிட்டு மகனோடு டாலஸுக்கே போய்விடுவது என்று முடிவெடுத்தது நல்லதுதான். பனியை வாரிக் கொட்டும் வயதா நமக்கு? குறித்த நேரத்தில் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கும்படி வீட்டைத் திறந்து வைக்கிற ஓப்பன் ஹவுஸ் வைத்தே ஆக வேண்டும் என்று உன் ஏஜென்ட் சொல்கிறார். முன்பின் தெரியாதவர்கள் படுக்கையறை வரை வந்து பார்ப்பது லலிதாவுக்குப் பிடிக்கவில்லை. நீ நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறாய். போன வருடம் நாங்கள் விற்றபோது பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

இங்கே அந்தக் கேள்வியே எழாது. ஏலம் சகஜமான ஊர் இது. மூன்று நான்கு வாரம் விளம்பரம், சனிக்கிழமைதோறும் அரை மணி நேரம் வீடு திறந்திருக்கும், கடைசியில் வாசலிலேயே ஏலம். ஏலம் இல்லாமல் தனிப்பேச்சில் வாங்குகிறவர் விலையில் 0.25 சதவீதத்தை விட்டுக்கொடுத்தால் ஐந்து வேலை நாளுக்குள் பின்வாங்கலாம். ஏலத்தில் எடுத்தவருக்கு அது கிடையாது. எனவே கரையான், கூரை, பத்திரம் எல்லாவற்றையும் முன்னாலேயே பார்த்து மனதைத் தயார் செய்துகொண்டுதான் கை தூக்குவார்கள். அதற்கு அந்தச் சனிக்கிழமைகள் வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகத் தடை போட்டபோது ஓப்பன் ஹவுஸையும் நேரடி ஏலத்தையும் சேர்த்தே நிறுத்தினார்கள். மே மாதம் எங்கள் மாநிலத்தில் திரும்ப விட்டபோதும் சேர்த்தே விட்டார்கள்.

நான் கவனித்த விஷயம் இரண்டு. வாசலில் ஐபேடோடு நின்று பெயர், போன் நம்பர் வாங்கிக்கொள்ளும் ஏஜென்ட், வார ஆரம்பத்தில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு 'என்ன விலை போகும் என்று நினைக்கிறீர்கள்?' என்று கேட்பார். அந்தப் பதில்கள்தான் சரக்கு. சமையலறை இருட்டு என்று பலரும் சொன்னார்கள். திரைச்சீலையைக் கழற்றி பல்பை மாற்றியதும் அந்தப் பேச்சு நின்றது. விலை பற்றியும் அப்படித்தான். ஏஜென்ட் எழுதிக் கொடுத்த மதிப்பீடு இனிப் பொருந்தாது என்று தெரிந்தால் அதை எழுத்து மூலம் திருத்த வேண்டும் என்பது 2016 முதல் நியூ சௌத் வேல்ஸ் சட்டம். ஆக, வந்தவர்கள் சொல்வதை அவர் காற்றில் விட முடியாது.

இரண்டாவது, வாங்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது. தனியாக வந்து பார்த்தவர் குறைதான் தேடுவார். அவரே, இன்னொரு தம்பதி டேப் வைத்து ஹாலை அளப்பதைப் பார்த்தால் முகம் மாறிவிடும். கூட்டம் இருக்கிற ஓட்டலாகப் பார்த்து நுழைகிற புத்திதானே நமக்கு! புகைப்படமும் வீடியோவும் எவ்வளவு அழகாக இருந்தாலும் இதை மட்டும் செய்ய முடியாது.

உன் ஊர்க் கதை வேறு. அங்கே தீவிரமாக வாங்க நினைப்பவர் ஸில்லோ என்ற வீடு விற்பனை இணையதளத்தில் பார்த்துவிட்டு, தன் ஏஜென்டோடு நேரம் கேட்டு வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை நுழைகிறவர்களில் பாதிப் பேர் பக்கத்துத் தெருக்காரர்களாகத்தான் இருப்பார்கள். உன் ஏஜென்டுக்கு இதில் சொந்த லாபமும் உண்டு: தங்களுக்கென்று இன்னும் ஏஜென்ட் வைத்துக்கொள்ளாதவர்கள் அங்கே அவர் கையில் கிடைப்பார்கள். அதைத் தப்பு என்று சொல்லமாட்டேன், தெரிந்து வைத்துக்கொள். அதோடு 2024 ஆகஸ்டிலிருந்து, ஏஜென்டோடு வீடு பார்க்கப் போகிறவர் முதலில் அவரோடு எழுத்து ஒப்பந்தம் போட வேண்டும் என்று வந்துவிட்டதே. தானாக ஓப்பன் ஹவுஸுக்கு வருகிறவருக்கு அது தேவையில்லை. யாரிடமும் கையெழுத்துப் போடத் தயங்குகிற ஆள் உன் வாசலுக்கு வர வழி அதுதான்.

என்னைக் கேட்டால், முதல் வாரக் கடைசியில் மட்டும் வை. வியாழக்கிழமை லிஸ்டிங் (விற்பனை விளம்பரம்), சனி ஞாயிறு வீடு திறப்பு, செவ்வாய்க்குள் விலை சொல்லச் சொல். எல்லோரையும் ஒரே நேரத்தில் வரவழைப்பதுதான் காரியம். வாராவாரம் நீட்டினால் 'ஏன் இன்னும் போகவில்லை?' என்ற சந்தேகம் வந்துவிடும். நியூ ஜெர்சியில் ஒப்பந்தம் போட்ட பிறகும் வக்கீல்கள் பார்க்க மூன்று வேலை நாள் இருக்கிறதே, அதற்குள் எந்தப் பக்கமும் கழன்றுகொள்ளலாம். அதனால் இரண்டாவது விலை சொன்னவரோடும் பேச்சை முறித்துக்கொள்ளாதே.

லலிதாவின் பயம் நியாயமானது. நகை, பாஸ்போர்ட், வங்கிக் கடிதங்கள், முக்கியமாக மாத்திரை டப்பாக்கள், எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு நீங்கள் இருவரும் வெளியே போய்விடுங்கள். வீட்டுக்காரர் நின்றால் யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள். முதல் நாளிலிருந்தே பெருங்காயம், வெங்காயம் கிடையாது. எங்கள் ஏஜென்ட் சாமி அலமாரியையும் எடுக்கச் சொன்னார். மீனா முடியாது என்றுவிட்டாள். வாங்கியவர்கள் தெலுங்குக் குடும்பம், அந்த மூலையில்தான் முதலில் போய் நின்றார்களாம். செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்லி ஏஜென்டிடம் கண்டிப்பாகச் சொல். எனக்கு அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது.

நாங்கள் இப்போது இருப்பது சின்ன யூனிட், அடுக்குமாடி வீடு. முழங்கால் பரவாயில்லை, லிஃப்ட் இருக்கிறது. உன் புத்தகங்களை எல்லாம் டாலஸுக்கு இழுத்துக்கொண்டு போகப் போகிறாயா? கொடுத்துவிடுவதாக இருந்தால் எனக்கு முதலில் பட்டியல் அனுப்பு. லிஸ்டிங் வந்ததும் லிங்க்கும் அனுப்பு, மீனா படங்களைப் பார்க்கக் காத்திருக்கிறாள்.

அன்புடன்,
முரளி