கொவிட் தொற்றில் உறையும் குருதியும் வீட்டில் விழுங்கும் அஸ்பிரினும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் சுகாதாரப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையொன்று, கொரோனாத் தொற்று ஏற்பட்டால் குருதி உறைந்து உயிராபத்து நேரக்கூடும் என்பதால் காய்ச்சல் தொடங்கிய நாள் முதலே தினமும் ஓர் அஸ்பிரின் குளிசை எடுத்துக்கொள்வது நல்லது என்று எழுதியிருந்தது. கடுமையான தொற்றில் குருதி உறைகிறது என்பது உண்மை. ஆனால் அந்த உண்மையிலிருந்து கட்டுரையாளர் வந்தடைந்த முடிவு எங்கும் தவறானது; வன்னியில் அது ஆபத்தானதும் கூட. இங்குள்ள வைத்தியசாலைகளில் நீண்ட காலம் தாதியாகப் பணியாற்றியவள் என்ற வகையில் இதை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

கொவிட்டை நுரையீரலைத் தாக்கும் காய்ச்சலாகவே எங்கள் சனம் இன்னும் எண்ணுகிறது. நோய் முற்றும்போது அது குருதிக்கலன்களின் நோயாகவும் மாறிவிடுகிறது. குருதிக்கலனின் உட்சுவரை மூடியிருக்கும் மெல்லிய கலப்படை சுகமாக இருக்கும்வரை, தன்மேல் ஓடும் குருதி உறைந்துவிடாதபடி அதுவே காத்துக்கொள்கிறது. வைரசும், அதனை எதிர்க்க உடல் எழுப்பும் அளவுமீறிய அழற்சியும் அந்தப் படையைப் புண்ணாக்கும்போது, உறைதலைத் தூண்டும் பொருள்கள் அதிலிருந்து வெளிப்படுகின்றன. குருதியை உறையவைக்கும் புரதமான பைபிரினோஜனை ஈரல் வழமையை விட அதிகமாக உற்பத்தி செய்கிறது. குருதி உறைய உதவும் நுண்துணிக்கைகளான சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நோயாளியோ நாட்கணக்கில் படுக்கையில் அசையாது கிடக்கிறார். கலனின் சுவர் கெடுதல், குருதியின் ஓட்டம் தளர்தல், குருதியின் தன்மை மாறுதல் என, ருடோல்ப் விர்ஹோ என்னும் ஜேர்மனிய நோயியலாளரின் பெயரால் இன்றும் படிப்பிக்கப்படும் மூன்று காரணங்களும் ஒரே உடலில் ஒரே வேளையில் கூடிவிடுகின்றன.

2020 இல் வெளியான ஓர் ஆய்வு கொவிட்டால் இறந்த ஏழு பேரின் நுரையீரல்களையும், இன்புளுவென்சாவால் இறந்த ஏழு பேரின் நுரையீரல்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. காற்றறைகளைச் சுற்றியுள்ள நுண்குழாய்களில் காணப்பட்ட குருதிக் கட்டிகள் கொவிட் நோயாளரில் ஒன்பது மடங்கு அதிகமாக இருந்தன. காற்று உள்ளே போனாலும் அதை ஏற்றுச் செல்லக் குருதி வந்து சேராத இடங்கள் நுரையீரலில் உண்டாகிவிடுகின்றன என்பதே இதன் பொருள். அதே ஆண்டில் நெதர்லாந்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த 184 நோயாளரில், உறைதலைத் தடுக்கும் மருந்து வழமையான அளவில் கொடுக்கப்பட்டிருந்தும், 31 வீதமானோருக்குக் குருதிக் கட்டியால் சிக்கல் ஏற்பட்டதாக அறிக்கையிடப்பட்டது. கட்டுரையாளரின் அச்சம் இவ்வாறான தரவுகளிலிருந்தே பிறந்திருக்க வேண்டும். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அப்படியாயின், சிறுதட்டுகள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும் அஸ்பிரின் ஏன் கூடாது? இந்தக் கேள்வியை ஊகத்துக்கு விடாமல், பிரித்தானியாவில் தொடங்கிய 'ரிக்கவரி' என்னும் பெரும் ஆய்வு ஏறத்தாழ 15,000 வைத்தியசாலை நோயாளரில் சோதித்துப் பார்த்தது. ஒரு பகுதியினருக்கு வழமையான சிகிச்சையுடன் தினமும் 150 மில்லிகிராம் அஸ்பிரினும், மற்றையோருக்கு வழமையான சிகிச்சை மட்டும் வழங்கப்பட்டது. 28 நாட்களுக்குள் இறந்தோரின் வீதம் இரு பகுதியிலும் 17 ஆகவே இருந்தது. அஸ்பிரின் எடுத்தோரில் ஆயிரத்துக்கு ஆறு பேரளவில் குருதிக் கட்டி குறைந்தது; ஆயிரத்துக்கு ஆறு பேரளவில் பாரதூரமான குருதிக்கசிவு கூடியது. வைத்தியர்களின் கண்காணிப்பில் இருந்தவர்களின் நிலையே இது.

குருதி உறைதலைத் தடுக்க, கொவிட் நோயாளருக்கு வைத்தியசாலையில் ஏற்றப்படும் ஹெப்பரின் ஊசி வேறு விடயம். அதிலும் அளவும் வேளையும் முக்கியம். 2021 இல் வெளியான பன்னாட்டு ஆய்வுகளின்படி, முழு அளவு ஹெப்பரின் நடுத்தரமாக நோயுற்று வைத்தியசாலையில் இருந்தோருக்குப் பயன் அளித்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட்டவர்களுக்குப் பயன் அளிக்கவில்லை. ஒரே மருந்து ஒரே நோயில் சில நாட்கள் பிந்தினால் வேறாக வேலை செய்கிறது என்றால், பாமசியில் வாங்கிய குளிசையை எந்த நாளில் தொடங்குவது என்று வீட்டிலிருப்பவர் எவ்வாறு முடிவு செய்வார்?

இனி வன்னிக்கு வருகிறேன். இங்கு மாரி தொடங்கினால் டெங்குக் காய்ச்சலும் தொடங்கும். முதல் இரண்டு மூன்று நாட்களில் எது கொவிட், எது டெங்கு என்பதை உடம்பு நோவையும் காய்ச்சலையும் மட்டும் வைத்து வைத்தியராலும் பிரித்தறிய முடியாது. குருதிப் பரிசோதனை வேண்டும். டெங்கில் சிறுதட்டுகள் வீழ்ந்து குருதிக்கசிவு ஏற்படக்கூடும் என்பதால், காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர அஸ்பிரினோ இபுபுரோபனோ எடுக்க வேண்டாம் என்று சுகாதாரப் பகுதியினர் ஒவ்வோர் ஆண்டும் சொல்லி வருகிறார்கள். பல ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி மக்களின் மனதில் பதித்த அந்த அறிவுரையை, தங்கள் கட்டுரையின் ஒரு பந்தி கலைத்துவிடக்கூடும் என்பதே என் கவலை.

இன்னொன்றும் உண்டு. காலபோக அறுவடை வேளையில் புடையன் பாம்பு கடித்து வருவோரை எங்கள் வைத்தியசாலைகள் நன்கு அறியும். அவர்களின் குருதியைச் சிறிதளவு கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்போம். விஷம் ஏறியிருந்தால் குருதி உறையாமல் தண்ணீர்போல் ஓடும். ஏற்கனவே அஸ்பிரின் எடுத்துக்கொண்டு வயலில் இறங்கும் ஒருவருக்கு அந்தக் கடி நேர்ந்தால், உறையும் காரணிகள் ஒருபுறம் தீர்ந்துபோக, சிறுதட்டுகளும் மறுபுறம் செயலிழந்து நிற்கும். தேவையின்றி எடுத்த குளிசை இப்படியும் ஓர் ஆபத்தைச் சேர்த்துவிடுகிறது.

கட்டுரை சொல்லியிருக்க வேண்டியது வேறொன்று. கொவிட்டுக்குப் பின்னான உறைதல் ஆபத்து காய்ச்சல் விட்டதும் முடிந்துவிடுவதில்லை. சுவீடனில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தொற்றாளரை ஆராய்ந்து 2022 இல் வெளியிட்ட ஆய்வு, காலின் ஆழ்நாளங்களில் கட்டி ஏற்படும் ஆபத்து மூன்று மாதங்கள் வரையும், நுரையீரலுக்குச் செல்லும் குழாயில் கட்டி அடைக்கும் ஆபத்து ஆறு மாதங்கள் வரையும் கூடியிருந்ததைக் காட்டியது. ஆகவே அண்மையில் கொவிட் வந்த ஒருவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி நோகுமானால், எங்கள் ஊர் வழக்கப்படி எண்ணெய் போட்டு உருவிவிடக் கூடாது. உள்ளே இருக்கும் கட்டி பெயர்ந்து நெஞ்சுக்குச் செல்லும் சாத்தியம் உண்டு. திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக் குத்து, வாய் கோணுதல், ஒரு கை தளர்தல் ஆகியவை வந்தால் உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்க வேண்டும். மூளையின் குருதிக்கலனைக் கட்டி அடைப்பதால் வரும் பாரிசவாதத்துக்கு உறைவைக் கரைக்கும் மருந்தை ஏற்றுவதற்கான கால எல்லை பொதுவாக நாலரை மணித்தியாலமே. துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானின் உட்கிராமமொன்றிலிருந்தோ சி.ரி. ஸ்கான் வசதியுள்ள வைத்தியசாலைக்கு வந்துசேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அவ்வழியால் போய்வந்தவர்கள் அறிவார்கள்.

போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியிலும் கட்டிலிலும் வாழ்வோர் எம்மிடையே பலர். அசைவற்ற காலில் குருதி தேங்குவது அவர்களுக்கு அன்றாட நிலை. அதன்மேல் தொற்றும் வந்து சேர்ந்தால் ஆபத்து பெருகும். காலில் உணர்ச்சி இல்லாதவருக்கு நோவும் தெரியாது. அவர்களைப் பராமரிப்போர் இரண்டு கால்களையும் நாளாந்தம் பார்த்து, ஒன்று மற்றையதை விடப் பருத்தோ சூடாகவோ இருந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இவர்களைப் பற்றி எவரும் எழுதுவதில்லை என்பதால்தான் இதைத் தனியே குறிப்பிடுகிறேன்.

மாரிக்கு முன்னரே, அதே சுகாதாரப் பக்கத்தில், வன்னியில் கடமையாற்றும் பொது வைத்திய நிபுணர் ஒருவரிடம் எழுதி வாங்கிய திருத்தமொன்றை வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இருதய நோய்க்கோ பாரிசவாதத்துக்கோ கிளினிக்கில் அஸ்பிரின் எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள், இக்கடிதத்தை வாசித்துவிட்டுத் தாமாக அதை நிறுத்திவிடக் கூடாது என்பதையும், காய்ச்சல் வந்தால் அதைத் தொடர்வதா என்று உடனே வைத்தியரிடம் கேட்க வேண்டும் என்பதையும் அத்திருத்தத்தில் சேர்த்துக்கொள்ளவும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
கிளிநொச்சி.